பிளாஷ் வயரும் என் பெருவிரலும்

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நாவற்குடாவில் உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, உன் தங்கச்சி உன் பழைய பத்திரிகைக் கமராவைப் பையோடு என் கையில் தந்தாள். "நீங்களும் புடிச்ச சாமான்தானே அண்ணன், வெச்சிருங்க" என்றாள். பையைத் திறந்ததும் அந்தச் சுருண்ட கறுப்பு வயர்தான் முதலில் தட்டுப்பட்டது. பையை அப்படியே மூடிவிட்டேன்.

பிளாஷிலிருந்து லென்சுக்குப் போகும் அந்த வயரின் முனை எப்போதும் தளர்ந்தே இருக்கும். நான் பெருவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் பல்ப் எரியும். செய்தி எழுத வந்தவன் நான். பாதி நேரம் உன் வயர்க்காரன். "விரல எடுத்திராத மச்சான், படம் போயிரும்" என்பாய். கல்யாண வீடொன்றில் நாம் ஒட்டி நிற்பதைப் பார்த்து, "இவங்க ரெண்டு பேருக்கும்தான் தாலி கட்டணும்" என்று சனம் சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அன்று களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆமிக்காரர்கள் இளைஞர்களை இருத்திச் சோதித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதச் சொல்லி நம்மையும் உள்ளே விட்டிருந்தார்கள். யன்னல்களை அடைத்து வைத்ததில் பகலிலேயே இருட்டு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனபோது நீ கமராவைத் தூக்கினாய். வாசலில் நின்றவன் நம் பக்கம் திரும்பினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே நின்றது பேயில்லை, துவக்குக்காரன். நான் விரலை எடுத்துவிட்டேன்.

பல்ப் எரியவில்லை. படம் வெறும் கறுப்பு. அடுத்த பிலிமை நீ மாட்டுவதற்குள் அவனை ஏற்றிய வாகனம் போய்விட்டது. அப்படி ஒருவனைக் கொண்டுபோகவே இல்லை என்று பிறகு அவர்கள் சாதித்தார்கள். அவனுடைய அம்மா அந்தப் படத்தைக் கேட்டு உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தார்! "வயர் பழுதாப் போச்சும்மா" என்று நீ தலை குனிந்து சொல்வாய். அவர் மண்ணள்ளித் தூற்றிய நாளில்கூட நான் உன் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஏசியிருப்பாய்; பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்திருப்பாய். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

போன கிழமை அந்த அம்மாவைத் தேடிப் போனேன். வயரில் பழுதில்லை, விரலை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்நேரம் என்ட புள்ள எந்தப் பக்கம் பாத்தவன் மனே?"

"நிலத்தப் பாத்தவன் அம்மா" என்றேன்.

அதுவும் பொய். அவன் நம்மைத்தான் பார்த்தான். கமராவைக் கண்டதும், இழுத்தவர்களை மீறி முகத்தை நிமிர்த்தி, படத்துக்கு நிற்பதுபோல் ஒரு கணம் நின்றான். அதைக் கண்ட பிறகுதான் நான் விரலை எடுத்தேன்.