ஏழு பேரில் எவர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
19.2.1989

அன்பு மகள் குணேஸ்வரிக்கு,

முருகன் அருளால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் நீங்கலாக. டொராண்டோ குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நீ அனுப்பிய இரண்டு கேசட்டுகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. பழையது, ஆப்பிரிக்காவிலிருந்து கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் சாமிகளை அழைத்த மேளம் என்று எழுதியிருந்தாய், அதனால் அம்மா அதைச் சாமியறையில் வைத்துவிட்டாள். புதியது கியூபாவின் ஹவானா நகரத்துக்காரர்கள் வாசிக்கும் ஜாஸ் என்பதால் ஹாலில் இருக்கிறது. இரண்டிலும் அதே மேளம்தானே கேட்கிறது என்றேன், அம்மா பழையதற்கு ஒரு பூ வைத்தாள். புதியதில் வாசிக்கும் ஏழு பேரில் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகக் கடைசி வரியில் எழுதி, கேட்டுப் பாருங்கள் அப்பா, உங்களுக்கே தெரியும் என்று முடித்திருக்கிறாய். வந்த நாள் முதல் கேட்கிறோம், தெரியவில்லை.

மாப்பிள்ளை என்றால் அவர் வேலை செய்யும் கந்தோரில் விசாரிப்போம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், ஊர்க்காரர் எவராவது அகப்படுவார். ஹவானாவில் நமக்கு ஒருவரும் இல்லை. உன் மாமா கார்த்திகேசு, ஆளைக் காட்டாட்டி என்ன அத்தான், வாசிப்பைக் காட்டியிருக்கிறாளே, அதிலயே விசாரிப்பம் என்று வந்து உட்கார்ந்தார். டிரம்பெட்காரன் சரிவர மாட்டான் லா, மற்றவனைப் பேசவே விடுறான் இல்லை என்பது அவர் முடிவு. பியானோக்காரர் சொன்னதையே கோபப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறார், உன்னோடு குடித்தனம் நடத்த அந்தப் பொறுமை வேண்டும் என்கிறாள் அம்மா. குமாஸ்தாவாகவே காலம் கழித்த எனக்கு, இதில் எவர் தலைமைக் குமாஸ்தா என்றே பிடிபடவில்லை. ஒருவர் தொடங்குகிறார், இன்னொருவர் குறுக்கே வருகிறார், மேளக்காரர்கள் அந்த இருவரையும் பொருட்படுத்துவதில்லை, ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்கிறார்கள். இப்படி நான் எங்கும் கண்டதில்லை. இரண்டு குச்சிகளைத் தட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு, மற்றவர்கள் என்ன கூத்தடித்தாலும் அவர் மாற்றுவதில்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. பென்ஷன் உள்ள ஆள் மாதிரி இருக்கிறார்.

பல் டாக்டரான தன் மகனுக்கு உன்னைக் கேட்ட கிள்ளான் ஊர்ச் சண்முகரத்தினம் நேற்று முடிவு கேட்க வந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. என்ன வீரசிங்கம், கலியாண வீடு போல இருக்குது என்றார். ஆமாம், மகளுக்குப் பார்த்தாகிவிட்டது என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றார். உள்ளேயிருந்து அம்மா பியானோ என்றாள், அதே நேரத்தில் கார்த்திகேசு இன்னும் விசாரிக்கிறம் என்றார். சண்முகரத்தினம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே கிள்ளான் கதவு சாத்தியாகிவிட்டது, இனி உன் ஆளைத்தான் நம்பியிருக்கிறோம்.

இன்று காலை அம்மா கந்தசாமி கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போனாள். உன் பேரைச் சொன்னதும் ஐயர் மாப்பிள்ளையின் பேரும் நட்சத்திரமும் கேட்டாராம். ஏழு பேர் ஐயா, எல்லாருக்கும் சேர்த்துச் செய்யுங்கோ, அதில எவர் எண்டு முருகனுக்குத் தெரியும் என்றாளாம். ஐயர் ஒன்றும் கேட்காமல் செய்துவிட்டார். முருகனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தால் நல்லது.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். நீயும் அவரும், அவர் எவராக இருந்தாலும், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பேரை மறக்காமல் எழுது.

அன்புள்ள அப்பா,
க. வீரசிங்கம்