வெறுங்கையோடு ஒரு நடை

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல பனி. கண்மாய்க் கரை முழுக்க ஈரக் களிமண். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தேன். காலை பி.பி. 158/96.

சென்னையை விட்டு அக்கா வீட்டுக்கு வந்து பதினோரு நாள். ராமநாதபுரத்து டாக்டர் எழுதிய சீட்டை நோட்டு அட்டையில் ஒட்டியாயிற்று.

முக்கால் மணி நேர நடை, தினமும்.
உப்பு பாதி.
தூக்கம் ஏழு மணி.
போன் குறைக்கவும்.
மாதக் கடைசியில் வந்து காட்டவும்.

ஒன்றை மட்டும் வாயால் சொன்னார். "திரும்ப அதே சீட்ல போய் உக்காந்தீங்கன்னா எங்கிட்ட வராதீங்கம்மா. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அந்த சீட்: கூரியர் கம்பெனி, புகார்ப் பிரிவு, பதினாறு வருடம். கடைசி நாலு வருடம் இருபத்திரண்டு பேருக்கு மேற்பார்வை. தீபாவளி வாரத்தில் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது ஹெட்செட் காதிலேயே இருந்தது. யாரோ ஒருத்தர் தன் பார்சல் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜனவரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கரையில் எதிரே வந்த பெரியவர், "எங்கன போறீக?"

"சும்மா, நடக்க."

"நடந்து?"

"திரும்பி வர."

அவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றார்.

பிப்ரவரி 4, புதன்

கரை வேண்டாம் என்று தார் ரோட்டில் போனேன். மினிபஸ் தானாக நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏறுங்க, எம்புட்டுத் தூரம் நடப்பீக." இல்லை, நடக்கத்தான் வந்தேன் என்றேன். வண்டிக்குள் மொத்தப் பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அட ஏறுங்க, டிக்கெட்டெல்லாம் வேணாம்."

ஏறினேன். நயினார்கோவில் வரை போய் அதே வண்டியில் திரும்பி வந்தேன். இன்றைய நடை: ஏறியது இறங்கியது சேர்த்து நாற்பது அடி.

பி.பி. 160/98.

பிப்ரவரி 5, வியாழன்

பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் துரத்திப் பிடித்து ஏற்றி, வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை.

விஷயம் சாயங்காலம் விளங்கியது. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"என்னக்கா?"

"மூணு பேரு வந்து சொல்லியாச்சு. ஒந் தங்கச்சி கோவிச்சுக்கிட்டு வெறுங்கையோட போகுது, மாத்துச் சேல கூட எடுக்கல, தண்ணிப் பக்கமா போகுதுன்னு."

தண்ணிப் பக்கமா! கண்மாயில் இடுப்பளவுதான் கிடக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னா ஒடம்புக்கு என்னன்னு கேப்பாக. பெறகு ஒவ்வொருத்தியா ஆரஞ்சுப் பழத்தோட வந்து உக்காருவாக. இங்கன எவடி சோலி இல்லாம நடக்குறா?" ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு கொல்லைக்குப் போய் ஒரு பழைய சாக்கும் அரிவாளும் எடுத்து வந்தாள். "இத வச்சுக்கிட்டுப் போ. ஒரு பய கேக்க மாட்டான்."

பிப்ரவரி 6, வெள்ளி

கேட்கவில்லை.

"புல்லுக்கா?" "ஆமா." அவ்வளவுதான். மினிபஸ் ஹாரன் கூட அடிக்காமல் போனது. சாக்கும் அரிவாளுமாக முக்கால் மணி நேரம் முழுசாக நடந்தேன். ஒரு புல் வெட்டவில்லை. ராஜமரியாதை.

பகலில் பழைய மேனேஜர் போன். (இனி 'மே.' போதும். முழுதாக எழுதினால் கை இறுகுகிறது.) "எப்படி இருக்கீங்க, ரெஸ்ட் எல்லாம் ஆச்சா?" நாலே நிமிடம். வைத்தபின் பி.பி. பார்த்தேன். 171/102. மெஷின் பட்டையைக் கையில் சுற்றவே இரண்டு தரம் முயன்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தான் பாம்பன் போய் வந்தார். ஒரு பை நெத்திலிக் கருவாடு.

நான் வந்த நாளாக அக்கா எனக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் வைக்கிறாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லாமல் ஒரு கரண்டி கூட ஊற்றியதில்லை. இன்று மட்டும் சிரித்த முகம். குழம்பு அருமை. பதினைந்து நாளுக்கு அப்புறம் நாக்குக்கு உயிர் வந்தது. இரண்டு தரம் சோறு வாங்கினேன்.

"அக்கா, உப்பு?"

"ஒரு கல்லு போட்டிருந்தா கேளு. சத்தியமாப் போடல."

போடவில்லைதான். கருவாட்டை உப்புக் கண்டமாக்கிய பாம்பன்காரர்கள் அந்தச் சத்தியத்தில் சேர்த்தி இல்லை. சாயங்காலம் 166/100. இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு சிக்கல். அக்கா வளர்க்கும் ஏழு ஆடுகளும் என்னைக் கண்டுகொண்டன. சாக்கோடு வாசலில் நுழைந்தால் ஏழும் எழுந்து கத்துகின்றன. காலிச் சாக்கைப் பார்த்ததும் ஒரு பார்வை. புகார்ப் பிரிவில் கூட இப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

ஆகவே இன்று வெட்டினேன்.

வலி விவரம்: வலது மணிக்கட்டு. இடுப்பு. தொடைப் பின்புறம். இடது கட்டைவிரலில் சின்ன வெட்டு.

பஞ்சவர்ணம் (நாலு வீடு தள்ளி, என் வயசு, பதினைந்து ஆடு) புல்லைக் கட்டாகக் கட்டித் தந்தாள். சாக்கில் திணித்தால் புழுங்கிவிடுமாம். தலைக்குத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கச் சொன்னாள். மூன்று தரமும் அவிழ்ந்து விழுந்தது.

"சும்மாடு கூட்டத் தெரியல. மெட்ராசுல என்னதான் வேல பாத்தீக?"

துண்டை எடுத்து மறுபடி சுருட்டினேன். 

கட்டை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. கீழே இருந்து ஒரு கை தூக்கிவிட வேண்டும். அவளுக்கு நான், எனக்கு அவள். "எடையில கொறஞ்சவுக முதல்ல தூக்கிவிடணும்" என்று ஒரு சட்டம் வேறு சொன்னாள். அவள் அந்த நிமிடத்தில் போட்ட சட்டம் என்று சந்தேகம்.

ஆடுகளுக்குத் திருப்தி. 149/92.

பிப்ரவரி 13, வெள்ளி

மே. மறுபடியும். "உங்க சீட்டை வேற ஆளுக்குக் கொடுக்க எனக்கு மனசே வரல. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுறேன். ஒரே வார்த்தை. வர்றீங்களா, இல்லையா?"

165/98.

பயமாக இருக்கிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எழுதவே வெட்கம்: கூப்பிட்டது பிடித்திருந்தது. இருபத்திரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த இடம். இங்கே ஏழு ஆடு.

அக்காவிடம் சொன்னேன். மிளகாய்ச் செடியில் பழம் சிவந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை பறிப்பு, நீயும் வருவாய் என்றுதான் ஆள் குறைத்துச் சொன்னேன் என்றாள். உடனே, "போறதுன்னா போடி. அங்கன ஒனக்கு மரியாத. நான் என்ன, ஆளா கெடைக்காது?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்று என் குழம்பில் உப்பு இருந்தது. கை தவறி.

பிப்ரவரி 15, ஞாயிறு

இருபத்து மூன்று நாளில் இடுப்பு அளவு: ஒரு பாவாடை முடிச்சு குறைவு. தூக்கம் ஆறரை மணி. காலை 142/90.

நாளைக்கு என்ன சொல்ல? 'வருகிறேன்' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'இல்லை' என்றும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்துதான். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

டாக்டரின் பெரியாஸ்பத்திரிப் பேச்சை அக்காவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.  தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், கேட்காமலே.

பிப்ரவரி 16, திங்கள்

வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது.

அக்கா முன்னால் நின்று பேச முடியாது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கரைக்குப் போனேன். 'வருகிறேன்' பக்கம் மனசு சாய்ந்திருந்தது, உள்ளதைச் சொன்னால். உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றால் பஞ்சவர்ணம் விடவில்லை. "வெயிலுக்கு முந்தி ஒரு கட்டு சேத்துருவோம் வாங்க."

நேற்றையதைவிடப் பெரிய கட்டு. சும்மாடு முதல் தரமே நின்றது. எனக்குத் தூக்கிவிட்டாள். "நீங்க போங்க, எங்க வீட்டுக்காரரு மோட்டார் ரூம்புல இருக்காரு, எனக்கு அவரு தூக்கிவிடுவாரு" என்று அந்தப் பக்கம் இறங்கிப் போனாள்.

பாதிக் கரையில் போன் அடித்தது.

இரண்டு கையும் கட்டின் மேல். எடுப்பதென்றால் இறக்க வேண்டும். இறக்கினால் மறுபடி தூக்கிவிட முன்னும் பின்னும் ஒரு ஆள் இல்லை. நடந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. மொத்தம் நாலு தரம். இடுப்பில் அதிர்ந்தது தெரிந்தது. கயிற்றை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ஏழும் எழுந்து நின்றன. கட்டைப் போட்டேன்.

அக்கா செம்பில் தண்ணீரோடு வந்தாள். "போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னடி சொன்ன?"

"தலையில புல்லுக் கட்டு இருந்துச்சுக்கா."

என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆட்டைப் பார்த்தாள். "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் மொளகாக் காட்டுல நிக்கணும். பழைய சேலையா எடுத்து வச்சுக்க."

மத்தியானம் மே.க்கு எழுதி அனுப்பினேன்: வரவில்லை. பதில் வந்திருக்கிறது. இன்னும் பார்க்கவில்லை.

இதை எழுதும்போதுதான் தெரிகிறது, இன்று பி.பி. பார்க்க மறந்திருக்கிறேன்.