இருவாச்சிக் கூண்டைத் திறக்க வேண்டிச் சகலைக்கு விடுத்த ஓலை

கார்வரை நாட்டை ஆளும் அதியநம்பி, தென்னருவி நாட்டு மன்னரும், எம் அரசியின் தங்கையை மணந்தமையால் எம் சகலையுமாகிய திருமிகு சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் மனையில் நலம் பெருகுக. வாழ்த்து மெய்யானதே, எனினும் தங்களிடம் எது பெருகினாலும் எமக்கு வயிறு எரியும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இன்று அதை மறைத்து எழுத நேரமில்லை.

இவ்வோலை கைக்கு வந்ததும் தங்கள் இருவாச்சிப் பறவையின் கூண்டைத் திறந்துவிடுக; காரணத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நம் மாமியார் தங்கள் அவையில் கடல் கடந்து வந்த வெள்ளைக் கிளியைக் கண்டு வந்து, எம் அவையில் மூன்று நாள் புகழ்ந்தார். அதைப் பொறாத யாம், பல தேசத்து உயிர்களைக் கலமேற்றி விற்கும் வணிகன் சாத்தனை அழைத்து, தங்களிடம் இல்லாத பறவை ஒன்று வேண்டும் என்றோம். அவன் பெரிய மஞ்சள் அலகுடைய ஆண் இருவாச்சி ஒன்றைக் கொணர்ந்து, தொலைதூரத் தீவினது என்றான். அரண்மனை விட்டிறங்காத யாமும் நம்பினோம்.

அப்பறவை அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகில் ஏந்திச் சென்று சுவரின் வெடிப்பொன்றில் திணித்தது. நாள் முழுதும் அதே வேலை. கஞ்சப் பறவை என்று அவையோர் சிரித்தனர். யாமும் சிரித்து, அதைப் பெருமையாகத் தங்களுக்கு எழுதினோம். அதை வாசித்துப் பொறுக்காமல்தானே தாங்களும் சாத்தனிடம் ஒன்று வாங்கினீர்கள்? எம்முடையதினும் ஒரு சாண் நீளம் என்று தாங்கள் எழுதிய அன்று எமக்கு உணவு இறங்கவில்லை.

நேற்றுத் தேன் கொண்டு வந்த மலைக்குடித் தலைவி கொற்றி, அவ்வெடிப்பைக் கண்டு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இது தம் மலைப் பறவையே என்றும், முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்தில் புகுந்து வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும் என்றும், சிறகுதிர்த்து உள்ளிருக்கும் அதற்கும் குஞ்சுக்கும் சிறு வெடிப்பின் வழியே ஆண் பறவைதான் ஊட்டும் என்றும், எம் சுவரைத் தன் மரமென்று எண்ணியே இது பழம் திணிக்கிறது என்றும் விண்ணப்பித்தாள்.

உடனே சாத்தனைப் பிடித்து உடனழைத்துக்கொண்டு மலையேறினோம். எம் பறவையைப் பிடித்ததென அவன் காட்டிய மரத்தில் அடைப்பைப் பெயர்த்தபோது, சிறகில்லாத தாயும் அதன் அடியில் கண் திறவாத குஞ்சும் இறந்து கிடந்தன. தோற்ற போர்களிலும் யாம் இவ்வளவு வெட்கியதில்லை. விடுவித்த எம் பறவை இன்று காலையும் அப்பொந்துக்குப் பழம் கொண்டு வந்தது.

சாத்தன் இப்போது எம் காவலில் இருக்கிறான். அவன் பறவைகளைப் பிடித்துக் கலமேற்றியதால் கொற்றியின் மலையில் நாற்பது கூடுகள் இருந்த இடத்தில் இவ்வாண்டு மூன்றே உள்ளன. தங்கள் பறவை பிடிபட்டு நான்கு நாளே ஆதலின், அதன் துணை இன்னும் உயிரோடிருக்கலாம் என்கிறாள் அவள். அதை இருளில் பிடித்ததால் எந்த மரம் என்று சாத்தனுக்கே தெரியவில்லை, பறவை மறந்திராது. கூண்டின் கூரைவரை எழும்பிப் பறக்கிறது என்று பெருமை பேசியிருந்தீர்கள். அப்படியானால் மலைவரையும் பறக்கும்.

கூண்டேற்றிய கலம் எதுவும் இனி எம் துறையில் கரை சேரலாகாது என்று ஆணையிட்டோம். தங்கள் துறையிலும் அவ்வாறே ஆணையிடுக. இதிலாவது யாம் முந்திக்கொண்டோம் என்பதை மாமியாரிடம் சொல்லுக.

தங்கள் மரத்திலிருந்து ஒரு குஞ்சு பறந்தது என்று செய்தி வந்தால், எம் மரத்தில் இல்லாதது தங்களிடம் இருக்கிறதே என்று யாம் வாழ்நாளெல்லாம் பொறாமைப்படுவோம். அந்தப் பொறாமையை எமக்குத் தந்தருள வேண்டும்.

மலையும் சுனையும் பொறித்த எம் இலச்சினை இட்டோம். ஓலை கொணர்ந்த வீரன், வெறுங்கூண்டைக் கண்ணால் கண்ட பின்னரே திரும்புவானாக.