படத்திறப்பில் வாசித்த பக்கம்

என் செல்விக்கு,

படத்துக்குள்ளிருந்து அப்படிப் பார்க்காதே. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பதினாறாம் நாள் படத்திறப்பில் நம் யாழினி ஒரு பக்கம் வாசித்தாளே, அந்த விஷயம்தான். மழை நாளில் நீ பள்ளி வாசலில் நின்று, முந்தானையை அவள் தலையில் போட்டு, கோயில் வீதி வழியாக நனைந்துகொண்டே கூட்டி வந்தாயாம். மண்டபமே அழுதது. உன் அக்கா விக்கி விக்கி அழுதாள். எட்டாவது படிக்கிற பெண்ணா இப்படி எழுதினாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பெருமை தாங்காமல் அந்த வீடியோவை நெட்டில் நம் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன்.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கத்தவில்லை, சண்டை போடவில்லை.

“அண்ணே, அது எங்கம்மாவுக்கு நான் எழுதினது. கடைசி வரியில மரகதம்னு எங்கம்மா பேரு இருக்கும். அத எடுத்துட்டு உங்க வீட்டம்மா பேரப் போட்டிருக்கீங்களே, எப்படிண்ணே மனசு வந்துச்சு?”

வீட்டுக்கு வந்து யாழினியிடம் காட்டுக்கத்தலாகக் கத்தினேன். “பெத்த அம்மாவுக்குக் கூடவாடி காப்பி அடிப்பே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீ கடையில டெய்லி இன்னாப்பா பண்றே?”

நம் ஜெராக்ஸ் கடைக்குப் பிராஜெக்ட் என்று பிள்ளைகள் வந்தால் தலைப்பைக் கேட்பேன், நெட்டில் தேடி எடுப்பேன், எழுதினவர் பேர் இருந்தால் அழித்துவிட்டு, “உன் பேரு, செக்‌ஷன் சொல்லு கண்ணு” என்பேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையே பார்த்து வளர்ந்தவள் அவள். நீகூட ஒருமுறை கேட்டாய், “யாரோ கஷ்டப்பட்டு எழுதினதாச்சேய்யா, தப்பில்ல?” என்று. “போடி, நெட்டுல கெடக்குறதுக்கு யாரு சொந்தக்காரன்?” என்று உன் வாயை அடைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ அப்படி வந்ததே இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்று புடவை எடுத்துப் போட்டவள் நீ. எந்த மழையில் பள்ளி வாசலுக்கு வந்தாய்? கேட்க நன்றாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மரகதம் அம்மாளுக்காக அழுதிருக்கிறோம். உனக்காக யார் அழுதது செல்வி?

கோபம் தணிந்த பிறகு யாழினியிடம் மெதுவாகக் கேட்டேன், அம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே எழுதியிருக்கலாமே என்று. தேம்பித் தேம்பி அழுதாள்.

“எழுத உக்காந்தாலே, அம்மா வேலையிலேர்ந்து வந்து கால நீட்டிக்கினு, கொஞ்சம் புடிச்சு உடுடின்னு கேட்டதுதாம்பா வருது. ஹோம்வொர்க் கீதும்மான்னு சொல்லிடுவேன். ஹோம்வொர்க்கே இருக்காதுப்பா. அத எப்படி எல்லார் முன்னாடியும் படிக்கிறது?”

நான் அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் அவளே மதுரைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். வீடியோவுக்குக் கீழே அந்தப் பெண்ணின் பேரையும் மரகதம் அம்மாள் பேரையும் எழுதிவிட்டோம். கடையில் இப்போது, எங்கே எடுத்தது, யார் எழுதினது என்று போடாமல் பிரிண்ட் தருவதில்லை. “அதெல்லாம் போட்டா மிஸ் திட்டுவாங்கண்ணா” என்று பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போகிறார்கள். எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேனோ, தெரியவில்லை.

உன் முதல் வருஷத் திதிக்கு அதே சொந்தபந்தம் வரும். அன்றைக்கு வாசித்தது யாருடையது என்று நானே எழுந்து சொல்வேன். பிறகு யாழினி உன்னைப் பற்றி எழுதியதைப் படிப்பாள். நாலே வரிதான், அந்தப் பொய் ஹோம்வொர்க்கும் அதில் இருக்கிறது. யாரும் பாராட்ட மாட்டார்கள். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன் செல்வி, இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
குமார்