வடிகாலோரம் அண்ணி கட்டும் வீடு

என் கோபக்கார அண்ணனுக்கு,

நீ கண்மூடிய பிறகு உன்னைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம், பாஸ்போர்ட் எடுத்தது. சிரிக்காதே. எங்கள் காரைக்கால் கல்லூரியும் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து, மாறுகிற பருவநிலையை ஊர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று ஆராய ஆட்களைப் பயிற்றுவிக்கின்றன. அதில் நானும் ஒருத்தி. அடுத்த மாதம் அங்கே போய் ஓராண்டு படிக்க வேண்டும். பஸ்ஸில் கும்பகோணம் தாண்டினாலே வாந்தி எடுப்பவள் நான்!

ஆனால் அண்ணா, என் பயம் விமானத்தைப் பற்றியது அல்ல.

பயிற்சிக்கு ஆளுக்கொரு ஊர் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது நம் நெரவி. பெருமழையும் கடல் கொந்தளிப்பும் ஒன்றாக வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கணினியில் கணக்குப் போட்டேன். "கடல் தண்ணி எடுக்கலடி" என்று வரப்பில் நின்று திட்டுவாயே, அதேதான். கடல் ஏற்றுக்கொள்ளாத மழைத்தண்ணீர் வடிகால் வாய்க்கால் வழியாகத் திரும்பி ஏறுகிறது. அது ஏறுகிற வயல் மூலையில்தான் அண்ணி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணிக்கு ஒரே பெருமை. "ரோட்ட விட மூணடி ஒசத்தி மண்ணடிச்சிருக்கேன் பவானி, எந்தத் தண்ணி வரும்?" நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானே? ரோட்டைப் பார்த்து உயரம் வைப்போம், வாய்க்காலைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை வாசல் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று.

இரண்டு நாட்டு ஆசிரியர்களும் சரிபார்க்கும் வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். பாதிக் கணக்கைச் சொல்லி ஊரைக் கலங்கடிக்கலாமா என்று நெதர்லாந்துப் பேராசிரியை கேட்டார். நியாயம்தான். கணக்கு தப்பாக இருந்தால்? தப்பாக இல்லாவிட்டால்? சொன்னால் என்னைப் பயிற்சியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் உன் பிள்ளைகள் அங்கேதானே தூங்கும்?

நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணி புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா?"

"கணக்கு இன்னும் முடியல அண்ணி. ஆனா நானா இருந்தா இங்க கட்ட மாட்டேன்."

"சரி, அப்ப எங்க கட்டறது? அதையும் படிச்சிருப்பல்ல, சொல்லு."

அதைப் படிக்கவில்லை அண்ணா. தண்ணீர் எங்கே வரும் என்பது வரைக்கும்தான் இதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணி குழாயை மூடிவிட்டு, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று கொத்தனாருக்குப் போன் செய்தார். என் பேச்சை நம்பி! இப்போது என் பயமெல்லாம் அதுதான்.

நாளை இரண்டு நாட்டு ஆசிரியர்களும் இருக்கும் கூட்டத்தில், அண்ணியிடம் சொன்னதை நானே சொல்லப் போகிறேன். அனுப்பினால் அனுப்பட்டும், நிறுத்தினால் நிறுத்தட்டும். அங்கே படித்தாலும் சரி, இங்கே கிடந்து படித்தாலும் சரி, எங்கே கட்டலாம் என்று அண்ணிக்கு ஓர் இடத்தைக் காட்டாமல் விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி,
பவானி