பாம்புப் புத்தகம் வாங்கப் போகிறேன்

புப்லு,

கிச்சுரியும் கத்தரிக்காய் வறுவலும் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. விளையாடப் போனால் சாவியை மாடி வீட்டு ஷெஃபாலி மாசியிடம் கொடு.

நேற்று புத்தகக் கண்காட்சியில் நீ ஆசையாக எடுத்த பாம்புப் புத்தகத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி, உங்கள் டீச்சர் சிபாரிசு செய்த நாவலை வாங்கினேன். "கதைல எல்லா அப்பாவும் கடைசில வீட்டுக்கு வந்துடறாங்க, மா. நம்ம அப்பா மட்டும் செத்துப் போயிட்டாரு" என்றாய். நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாம்பை வாங்கி வருகிறேன்.

மா

பி.கு: கிளம்பும்போது நாவலின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். இதில் அப்பா வரவில்லை. அந்தப் பையன் அழுதுவிட்டு, அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறான்.

நாவலை மேசையிலேயே வைத்துவிட்டேன். பாம்பையும் வாங்குவேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படிக்காதே, நான் வந்துவிடுகிறேன்.