காய்க்காத பலாவுக்கு ஒரு தவணை

என் அன்பு அப்பா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இன்றைக்கு உங்கள் மேல் எனக்குச் சரியான கோபம். அதனால்தான் எழுதுகிறேன்.

வெஸ்ட்மீட் வீட்டுப் பின்வளவில் நீங்கள் நட்ட பலாவை வெட்டிவிட்டு, தன் மகனுக்கு அங்கே கிரானி பிளாட் என்கிற சின்னத் தனிவீடு கட்டப் போகிறாராம் அண்ணா. "பன்னிரண்டு வருஷமா ஒரு பிஞ்சு பிடிக்கேல்லை. குனிஞ்சு இலை கூட்டியே என்ர நாரி முறிஞ்சு போச்சு" என்கிறார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறும்வரை அவர்களை மரத்தடியில் நிறுத்திப் பாடம் எடுப்பீர்கள். மலையாளத்தில் சக்க, போர்த்துக்கீசர் வாயில் ஜாக்கா, ஆங்கிலேயரிடம் ஜாக் புரூட். "ஜாக் எண்டொரு மனுசன் இல்லையப்பா!" என்று முடிப்பீர்கள். நுளம்புக்கடி தாங்காமல் எல்லோரும் தலையாட்டுவார்கள். பெயர் வந்த கதையை ஊருக்கே சொன்னீர்களே, மரத்தை என்ன செய்வதென்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? சிட்னிக் குளிரில் காய்க்காது என்று தெரிந்துதான் நட்டீர்களா?

வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும், ஊர் வழக்கப்படி கோடாலியால் தண்டில் மெல்லத் தட்டி, "காய்க்காட்டி இண்டைக்கே வெட்டிப்போடுவன்!" என்று மரத்தை வெருட்டுவீர்கள். நான் குறுக்கே வந்து, "வெட்டாதேங்கோ, வாற வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு" என்று கெஞ்ச வேண்டும். நாற்பது வயதில், ஆஸ்பத்திரிச் சீருடையோடு! அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

நேற்று மரம் வெட்டுகிறவர் வந்து இயந்திர வாளை இயக்கினார். அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். வாயில் அந்த வசனம்தான் வந்தது.

அண்ணா சிரிக்கவில்லை. "நீ பொறுப்போ? உண்மையாவோ?"

"ஓம்."

"அப்ப வாற மார்கழி மட்டும் பாப்பம். அதுக்குப் பிறகும் காய்க்காட்டி நீதான் ஆளைக் கூப்பிடோணும்."

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே வாளை வண்டியில் ஏற்றினார். அண்ணா கேட்டதில் பிழையில்லை அப்பா. எனக்கு எரிச்சலே அதில்தான். அவரைத் திட்டவும் முடியவில்லை.

மார்கழி வரை தண்ணீரும் எருவும் நான் பார்க்கிறேன். ஒரு பிஞ்சும் வராவிட்டால், சொன்னபடி நானே ஆளைக் கூப்பிடுவேன். கோபிக்காதீர்கள். இல்லை, நன்றாகக் கோபியுங்கள். அந்தச் சாட்டிலாவது ஒரு தடவை கனவில் வந்து என்னை ஏசிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் ஏச்சு வாங்க ஆசைப்படும்
இளைய மகள்